ஏமச்சுற்றம்: காஞ்சித்திணையில் இறப்போரும் அவரைப் பேணுவோரும்

முன்னுரை

சங்கப் புறப்பாடல்களைப் பற்றிய ஆய்வுகளில் போர்க்களம் பெற்றுள்ள இடத்தைப் போருக்குப் பிந்திய வீடு பெறவில்லை. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. அவனைப் பாடிய புலவர்க்கு இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. மார்பில் புண்ணோடு மனைக்குக் கொண்டுவரப்பெற்று, உயிர் நிற்குமோ பிரியுமோ என்னும் நிலையில் கிடப்பவனையும், அவனருகே இரவெல்லாம் விழித்திருப்போரையும் பற்றிய பாடல்கள் எண்ணிக்கையில் சிலவே. அச்சிலவும் மறத்தின் சிறப்பை உணர்த்துவனவாகவோ, பேய் பற்றிய பண்டை நம்பிக்கைக்குச் சான்றுகளாகவோதாம் பெரிதும் எடுத்தாளப்பெற்று வந்துள்ளன.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னர் இப்பாடல்களை அணுகும் வழிகள் பல தோன்றின. அவற்றுள் இரண்டு ஈண்டுக் குறிக்கத்தக்கன. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூல் புறப்பாடல்களை வீரயுகப் பாடல்களாக நோக்கும் முறையை நிறுவியது. ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட நூல் அணங்கு எனப்பெறும் அச்சந்தரும் ஆற்றலையும் அதனைக் கட்டுக்குள் வைத்தலையும் சங்கப் பாடல்களுக்குத் திறவுகோலாகக் கொண்டது. இவ்விரு நோக்குகளாலும் தமிழாய்வு பெற்ற பயன் பெரிது. ஆயினும், முதல் வழியே செல்வோர்க்குப் புண்பட்டவன் வீரனாகத் தோன்றுகிறான். இரண்டாம் வழியே செல்வோர்க்கு அவன் அணங்கு உறையும் இடமாகத் தோன்றுகிறான். அவன் ஒரு வீட்டாரின் பொறுப்பில் உள்ள மனிதன் என்னும் எளிய உண்மை இரு வழியிலும் பின்னுக்குச் சென்றுவிடுகிறது.

காஞ்சித்திணை சார்ந்த சில துறைகளும் பாடல்களும் இறப்பை எதிர்நோக்குவோரைப் பேணுதலையும், பேணுவோர் படும் பாட்டையும், எஞ்சி நிற்போரின் நிலையையும் தமக்குரிய பொருளாகவே கொண்டுள்ளன என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலின் காஞ்சி பற்றிய நூற்பாவும், புறநானூற்றின் 255, 280, 281, 291, 296 ஆகிய ஐந்து பாடல்களும் முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன.

தொல்காப்பியர் கண்ட காஞ்சி

தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறனாக்கி, நிலையில்லாத உலகத்தின் இயல்பைப் பற்றியது எனப் பொதுவிலக்கணம் கூறுகிறார். பின்னர் அதன் துறைகளை இரு பத்தாகப் பகுக்கிறார். இப்பகுப்பின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது.

முதற்பத்து, மாற்றுதற்கரிய கூற்றத்தைப் பற்றிய அறிவுரையிலும் முதியோர் இளையோர்க்குக் காட்டும் நிலையாமையிலும் தொடங்குகிறது. அடுத்து, புண்பட்டுக் கிடப்பவனின் மூன்று நிலைகள் இப்பத்தினுள் இடம்பெறுகின்றன. தன் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு உயிர்விடும் மறவன் ஒருவன். பேணுதற்குரிய சுற்றத்தார் எவரும் இன்மையால் பேயே அருகிருந்து காக்கும் நிலையில் கிடப்பவன் மற்றொருவன். இத்துறையே பேய்ப்பக்கம் எனப்படுகிறது. பேய் நெருங்காதவாறு இனிய நகையை உடைய மனைவி விலக்கிக் காக்க, அவள் காவலில் கிடப்பவன் மூன்றாமவன். இது தொடாக்காஞ்சி எனப்படுகிறது.

இம்மூவரையும் வேறுபடுத்துவது யாது? புண்ணின் கொடுமையோ வீரத்தின் அளவோ அன்று. அருகில் இருப்பவர் யார் என்பதே வேறுபாட்டின் அடிப்படையாகிறது. முதலாமவன் தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறான், இரண்டாமவனுக்கு எவருமில்லை, மூன்றாமவனுக்கு மனைவி இருக்கிறாள். எவருமில்லாதவனைக் குறிக்குமிடத்துத் தொல்காப்பியர் வெறுமனே சுற்றம் என்னாது ஏமச்சுற்றம் என்கிறார். ஏமம் என்பது காவல் எனவும் இன்பம் எனவும் பொருள்படும் சொல். காவலும் ஆறுதலும் ஒருங்கே தரவல்ல சுற்றம் ஒருவனுக்கு உண்டா இல்லையா என்பதைத் துறை வகுத்தற்குரிய அடிப்படையாக ஓர் இலக்கண நூல் கொண்டிருப்பது எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று.

பேயின் செயலைக் குறிக்க அந்நூற்பா ஆளும் வினைச்சொல்லும் இங்குக் கருதத்தக்கது. பேய் அவனைத் தின்றது என்றோ அச்சுறுத்தியது என்றோ கூறாமல், ஓம்பியது என்றே கூறுகிறது. ஓம்புதல் என்பது மகவை வளர்த்தற்கும் விருந்தினரைப் பேணுதற்கும் உரிய சொல். சுற்றம் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்ய ஆளில்லாதபோது அப்பணி பேயின் கைக்குச் செல்கிறது. மனிதர் விட்ட இடத்தைப் பேய் நிரப்புகிறது என்னும் இக்கருத்தில் பேயைப் பற்றிய அச்சத்தைவிடத் தனித்து இறத்தலைப் பற்றிய துயரமே மிகுந்துள்ளது எனலாம்.

இரண்டாம் பத்து முழுவதும் எஞ்சியோரைப் பற்றியது. மாய்ந்தவனைச் சூழ்ந்த சுற்றத்தின் பூசல், சுரத்திடைக் கணவனை இழந்தவளின் முதுபாலை, ஒழிந்தோர் புலம்பும் கையறுநிலை, மனைவியை இழந்தவனின் தபுதாரநிலை, கணவனை இழந்தவளின் தாபதநிலை, மகனை இழந்த தாயின் தலைப்பெயல்நிலை எனத் துறைகள் அடுக்கப்பெற்று, காடுவாழ்த்தில் நூற்பா முடிகிறது. இறப்பவனின் படுக்கையும் அவனை இழந்தோரின் வாழ்வும் ஒரே திணையின் இரு கூறுகள் என்பதே தொல்காப்பியரின் கொள்கையாகத் தெரிகிறது.

பிற்கால இலக்கணம் செய்த பிரிப்பு

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவ்வமைப்பை மாற்றியது. அந்நூலில் காஞ்சி என்பது மேல்வந்த பகைவரிடமிருந்து தன் நாட்டைக் காக்கும் வேந்தனின் போராயிற்று. பேய்நிலை, பேய்க்காஞ்சி, தொட்டகாஞ்சி, தொடாக்காஞ்சி எனப் புண்பட்டோன் தொடர்பான துறைகள் நான்காக விரிந்தபோதிலும், அவை போர்நிகழ்ச்சிகளின் வரிசையில் அமைந்தன. எஞ்சியோரைப் பற்றிய முதுபாலை, தாபதநிலை, ஆனந்தப்பையுள், கையறுநிலை முதலியன பொதுவியற்படலத்திற்குச் சென்றன.

இதனால் நேர்ந்த விளைவு யாது? இறப்பவனின் படுக்கை போரோடு சேர்ந்தது. அழுவோரின் துயரம் பொதுவாயிற்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் காணப்பெறும் திணை, துறைக் குறிப்புகளிலும் இப்பிரிப்பின் தடம் உள்ளது. புண்பட்டோனைக் காக்கும் 281-ஆம் பாடல் காஞ்சித்திணையில் நிற்க, ஏறத்தாழ அதே சூழலில் எழுந்த 280-ஆம் பாடலும், முதுபாலையாகிய 255-ஆம் பாடலும் பொதுவியலுக்கு உரியனவாகக் குறிக்கப்பெற்றுள்ளன. அடுத்தடுத்து வைக்கப்பெற்ற 280, 281 ஆகிய இரு பாடல்களையும் ஒரு வீட்டின் இரு இரவுகளாகப் படிக்கும் வாய்ப்பைத் திணைக்குறிப்பு மறைத்துவிடுகிறது. ஆகவே, பிரிந்தவற்றை மீண்டும் சேர்த்துப் படிப்பது பாடல்களின் மீது புதுப்பொருளை ஏற்றுவதாகாது. தொல்காப்பியர் சேர்த்து வைத்ததை மீட்பதேயாகும்.

ஒரு மனையின் ஏற்பாடுகள்

புறநானூற்று 281-ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. புண்பட்டவனின் மனைவி தன் தோழியை விளித்துக் கூறுவதாக அமைந்தது. இரவமரத் தழையையும் வேம்பின் தழையையும் மனையில் செருகுதல், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கச் செய்தல், கையை மெல்ல எடுத்து மையாகிய இழுதைப் பூசுதல், ஐயவியைத் தூவுதல், ஆம்பற்குழல் ஊதுதல், மணி அடித்தல், காஞ்சிப்பண் பாடுதல், மனை முழுவதும் நறும்புகை பரப்புதல் எனச் செயல்கள் நிரல்பட வருகின்றன. வேந்தனுக்கு உற்ற துன்பத்தைத் தான் தாங்கிய அந்நெடுந்தகையின் புண்ணைக் காப்போம், வா என்று பாடல் முடிகிறது.

இச்செயல்களைப் பேயோட்டும் சடங்குகள் எனக் கூறி அமைவது வழக்கம். வேம்பின் மருத்துவக் குணத்தைக் காட்டி, முன்னோர் அறிவியல் அறிந்திருந்தனர் என மகிழ்வதும் ஒரு வழக்கமே. இரண்டும் பாடலைவிட்டு விலகுகின்றன. புண்ணுக்குரிய மருத்துவம் அக்காலத்தார்க்குத் தெரியாததன்று. நெடிய வெள்ளூசியால் மார்பின் புண் தைக்கப்பெற்றதைப் பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாடலில் பரணர், நீரில் பாய்ந்தெழும் சிரற்பறவையை உவமையாக்கிக் கூறியுள்ளார். எனவே அரிசில்கிழாரின் பாடலில் உள்ள இசையும் புகையும் தழையும் மருத்துவம் அறியாமையால் வந்தனவல்ல. புண்ணைத் தைத்தபின் செய்வதற்கு எஞ்சியிருப்பவை அவை.

பாடலின் சொல்லாட்சியில் இரு கூறுகள் இதனை வலியுறுத்துகின்றன. ஒன்று, கையைப் பையப் பெயர்த்தல் என்னும் செயல். பேயைத் துரத்துவதற்கு மென்மை வேண்டியதில்லை. நோவுடைய உடலைத் தொடுபவர்க்கே அது வேண்டும். இத்தனை ஒலிகளுக்கும் புகைக்கும் இடையே கையின் மெதுவான அசைவைப் புலவர் மறவாது குறித்திருப்பது, பாடலின் நாட்டம் நோயாளியின் உடல்மீதே நிலைத்துள்ளதைக் காட்டுகிறது. மற்றொன்று, காக்கம் என்னும் தன்மைப்பன்மை வினை. நான் காப்பேன் என்று மனைவி கூறவில்லை. நாம் காப்போம் என்கிறாள். தொல்காப்பியர் மனைவி ஒருத்தியை மட்டும் குறித்த இடத்தில் பாடல் தோழியையும் சேர்த்துக்கொள்கிறது. காவல் என்பது ஒருவர் தனித்து ஆற்றக்கூடியதன்று என்னும் பட்டறிவு இப்பன்மையில் பொதிந்துள்ளது.

துணையுள்ளோரும் துணையில்லாரும்

வெள்ளை மாளர் பாடிய 296-ஆம் பாடல் இக்காட்சியை ஊரளவில் விரிக்கிறது. ஒவ்வொரு மனையிலும் வேப்பங்கிளை ஒடிக்கின்றனர்; காஞ்சி பாடுகின்றனர்; நெய் தோய்ந்த கையினர் ஐயவி புகைக்கின்றனர்; மனைகளெல்லாம் ஆரவாரிக்கின்றன. ஒரு மனையில் மட்டும் இவை இல்லை. அம்மனைக்குரியவனின் தேர் இன்னும் திரும்பவில்லை. இப்பாடல் வாகைத்திணையாகவும் ஏறாண்முல்லையாகவும் குறிக்கப்பெற்று, பகைவேந்தனை எறிந்தன்றி மீளான் என்னும் மறச்சிறப்புக்குச் சான்றாகிறது. அவ்வாறு கொள்வதில் தவறில்லை. ஆயினும் அச்சிறப்பைச் சொல்லப் புலவர் தேர்ந்துகொண்ட பின்னணி, புண்பட்டோர் இல்லாத வீடே இல்லாத ஓர் ஊர். ஊர் முழுதும் ஒரே பணியில் ஈடுபட்டிருக்கிறது.

நெடுங்கழுத்துப் பரணர் பாடிய 291-ஆம் பாடலில் மனைவி சிறுவரையும் துடியரையும் பாடுநரையும் அழைக்கிறாள். தூய வெள்ளாடை போர்த்துக் கிடக்கும் கணவனை நெருங்கும் பறவைகளின் ஆரவாரத்தை நீங்கள் விலக்குங்கள், நான் விளரிப்பண் பாடி நரிகளை விலக்குவேன் என வேலையைப் பகிர்ந்தளிக்கிறாள். பறவைகளை விலக்குமாறு கூறுமிடத்தும் வரும் சொல் ஓம்பு என்பதே. காத்தல் என்னும் பொருளுடைய சொல் விலக்குதலையும் உணர்த்துவது தமிழில் இயல்பு. நெருங்கத் தகாதவற்றை விலக்குவதும் உடலைப் பேணுவதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை இச்சொல் தானே விளக்கிவிடுகிறது.

துணையின்றிப் பேணுபவளின் நிலையை வன்பரணரின் 255-ஆம் பாடலில் காண்கிறோம். காட்டுவழியில் கணவன் வீழ்ந்துவிட்டான். வாய்விட்டு அரற்றினால் புலி வரும் என அஞ்சுகிறாள். அணைத்துத் தூக்கலாமெனின் அவனது அகன்ற மார்பைத் தூக்க அவளால் இயலவில்லை. தன் முன்கையைப் பற்றிக்கொண்டு சிறிது நடந்தால் மலையின் நிழலை அடைந்துவிடலாம் என அவனிடமே கூறுகிறாள். முதுபாலை கணவனை இழந்தவளின் துறையாதலின் அவன் இறந்துவிட்டான் என்று கொள்வர். ஆனால் அவளது பேச்சில் அவன் இன்னும் இறக்கவில்லை. கையைப் பற்றி நடக்கக்கூடியவனாகவே இருக்கிறான். சாவை அறிந்தும் ஏற்க மறுக்கும் மனத்தைப் புலவர் விளக்கவுரை ஏதுமின்றிப் பேச்சின் வடிவத்திலேயே வைத்துவிடுகிறார்.

இப்பாடலின் துயரம் உடலின் எடையில் உள்ளது. நோயாளியைத் தனித்துத் தூக்கிப் புரட்டி அமர்த்தியவர் எவரும் இதனை உடனே உணர்வர். 281-ஆம் பாடலின் மனைவிக்குத் தோழி இருக்கிறாள், 291-ஆம் பாடலின் மனைவிக்கு ஊர்ச்சிறுவரும் துடியரும் இருக்கின்றனர், இவளுக்கு எவருமில்லை. அன்பில் மூவருக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு ஏமச்சுற்றத்தில் உள்ளது.

பேணுவோரின் சோர்வும் அச்சமும்

மாறோக்கத்து நப்பசலையாரின் 280-ஆம் பாடல் ஆனந்தப்பையுள் துறையது. கணவனின் மார்புப் புண் கொடிதாக இருக்கிறது. நள்ளிரவில் தும்பி ஒலிக்கிறது. விளக்கு நின்று எரியவில்லை. கூகையின் குரல் கேட்கிறது. விரிச்சி கேட்கச் சென்ற முதுபெண்டிரின் சொல்லும் நலமாக அமையவில்லை. இவற்றையெல்லாம் தீநிமித்தங்களின் தொகுப்பாகக் கொள்வது மரபு. அந்நிரலின் நடுவே அவள் கூறும் மற்றொரு செய்தி உண்டு. இதுவரை துயிலாத அவளுடைய கண்கள் இப்போது துயிலை விரும்புகின்றன.

உறக்கமும் தீநிமித்தங்களுள் ஒன்றாக எண்ணப்பெற்றிருக்கலாம். ஆயின் பல இரவுகள் விழித்திருந்த ஒருத்தியின் உடற்சோர்வு அது என்பதை மறுப்பதற்கில்லை. தான் கண்ணயரும் நேரத்தில் அவன் உயிர் பிரிந்துவிடுமோ என்னும் அச்சமும், உறங்க விரும்பும் தன் உடலைப் பற்றிய குற்றவுணர்வும் அச்சிறு தொடரில் உள்ளன. நோயாளியின் புண்ணைக் கூறத் தொடங்கிய பாடல் பேணுபவளின் கண்ணையும் கூறுகிறது. இப்புலவர் பெண்பாலர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பாடலின் பிற்பகுதி துடியனையும் பாணனையும் விறலியையும் நோக்கித் திரும்புகிறது. இனி நீங்கள் என்ன ஆவீர்கள், இரங்கத்தக்கீர் என்கிறாள். அதன்பின்னரே தலைமயிர் களைந்து, அணிகலன் நீங்கி, அல்லியரிசி உண்ணும் கைம்மை வாழ்வைப் பற்றிய எண்ணம் வருகிறது. ஒருவனது இறப்பால் நிலைகுலைவது அவன் மனைவி மட்டுமன்று. அவனை நம்பியிருந்த கலைஞர் குடிகளும் ஆவர். இறப்பவனின் குடும்பம் என்பதன் எல்லையை இப்பாடல் குருதியுறவுக்கு அப்பால் கொண்டு செல்கிறது.

வேந்தனும் கூற்றும்

255, 291 ஆகிய இரு பாடல்களிலும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைந்த ஒரு தொடர் உண்டு. என்னைப் போலவே பெரிதும் நடுக்கமுறுக என்னும் பொருளினது அது. 255-இல் அத்தொடர் கணவனுக்குத் தீங்கு செய்த அறனில்லாத கூற்றை நோக்கியது. 291-இல் அதே தொடர் வேந்தனை நோக்கியது. தன் தலையில் இருந்த மணிமாலையை வீரனுக்குச் சூட்டி, வீரனின் ஒற்றைவட மாலையைத் தான் அணிந்துகொண்ட வேந்தன் அவன்.

மாலை மாற்றிக்கொண்ட இச்செயலை வேந்தன் வீரனுக்குச் செய்த பெருஞ்சிறப்பாகக் கொள்வது ஒரு நோக்கு. துறையும் வேத்தியல் எனக் குறிக்கப்பெற்றிருப்பதால் அந்நோக்குக்கு இடமுண்டு. ஆனால் வாய்பாடு ஒன்றாக இருத்தலை நோக்கும்போது, 255-இல் கூற்று நின்ற இடத்தில் 291-இல் வேந்தன் நிற்பது புலப்படும். ஏதும் இன்றியே சாதலை விரும்பும் இயல்பினனுக்கு மாலையும் சூட்டினால் வேறென்ன நிகழும் என்னும் வினா அவள் கூற்றில் அடங்கியிருக்கிறது. படுக்கையருகே இருப்பவளின் பார்வையில் அச்சிறப்பு கொலைக்கருவியாகத் தெரிகிறது. வீரயுக நோக்கில் மட்டும் படிக்கும்போது இம்முறையீடு செவியில் விழுவதில்லை.

வேந்தனுக்கும் புண்பட்டோர்க்கும் உள்ள உறவின் மற்றொரு பக்கத்தை நெடுநல்வாடை காட்டுகிறது. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறங்காது, சிலரோடு பாசறையில் திரிந்து புண்பட்டோரைக் காணும் வேந்தனை நக்கீரர் அங்கே பாடியுள்ளார். விழித்திருத்தல் என்னும் கடமை வேந்தனையும் சார்ந்தது என்பது இதனால் பெறப்படும். இருப்பினும், அவன் பார்த்துவிட்டுச் செல்பவன். மனையில் இருப்பவள் இருந்துகொண்டே இருப்பவள்.

இறப்பவனின் குரல்

இதுவரை கண்ட பாடல்கள் ஐந்திலும் புண்பட்டவன் பேசவில்லை. அவன் வலியின் அளவை அவன் வாயால் நாம் அறிவதில்லை. இறப்பை எதிர்கொள்பவன் தானே பேசும் இடம் வடக்கிருத்தல் பாடல்களில் கிடைக்கிறது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரிற் காணாத நண்பராகிய பிசிராந்தையார் தவறாது வருவார் என்றும் அவர்க்கும் இடம் ஒதுக்குக என்றும் கூறியதை 216-ஆம் பாடலால் அறிகிறோம். உடன் வடக்கிருக்க வந்த பொத்தியாரின் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்த பின் வருக என அவரை அனுப்பிவிட்டதை 222-ஆம் பாடல் உணர்த்துகிறது.

இறப்பவன் தன் இறுதி நாட்களில் யாரை அருகில் வேண்டுகிறான், யாரை அவர்தம் குடும்பத்திற்குத் திருப்பி அனுப்புகிறான் என்பதை இவை காட்டுகின்றன. இங்கே பேணல் எதிர்த்திசையில் செல்கிறது. இறப்பவனே பிறர் குடும்பத்தைப் பேணுகிறான். பேச இயலாத நிலை வருமுன் தன் விருப்பத்தை எழுதி வைக்கும் உரிமையை இந்திய உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்று, அதற்குரிய நடைமுறைகளை 2023 சனவரியில் எளிமையாக்கியது. இறப்பவரின் குரலைக் கேட்க வேண்டும் என்னும் தேவை, வேறு சூழலில் இன்றும் தொடர்கிறது.

மரபின் எல்லைகள்

இப்பாடல்களை இன்றைய கருத்துகளுக்கு முழுமையான முன்னோடியாகக் காட்டுவது ஆய்வு நெறியாகாது. இப்படுக்கைகளில் கிடப்போர் அனைவரும் ஆடவர், போரில் புண்பட்டோர். முதுமையாலோ நெடுநோயாலோ மெல்ல இறப்போர்க்குக் காஞ்சியில் தனித்துறை இல்லை. மனைவியை இழந்தவனுக்குத் தபுதாரநிலை உண்டு. கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை மனைவியை ஈமத்தில் இட்டபின்னும் தான் உயிரோடு இருத்தலை எண்ணி வருந்திய 245-ஆம் பாடலும் உண்டு. ஆனால் இறக்கும் மனைவியின் படுக்கையருகே கணவன் விழித்திருக்கும் துறையைத் தொல்காப்பியர் வகுக்கவில்லை. ஆடவர் துயரம் இறப்புக்குப் பின் தொடங்குகிறது. பெண்டிர் துயரம் இறப்புக்கு முன்னரே பணியாகத் தொடங்கிவிடுகிறது. அப்பணி முடிந்த பின் அவர்க்கு எஞ்சியது கைம்மை. பேணுதலைப் பெண்ணின் கடனாகவே கொண்டுவந்த மரபின் வேர் இங்குள்ளது என்பதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மையான திறனாய்வாகும்.

இக்காலப் பேணலும் தமிழ்ச் சொற்களும்

சிசிலி சாண்டர்சு 1967-இல் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தை நிறுவி, இறக்கும் தறுவாயில் உள்ளோரின் வலி உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னியது என எடுத்துரைத்தார். உலக நலவாழ்வு நிறுவனம் 2002-இல் வகுத்த வரையறை நோயாளியோடு அவர்தம் குடும்பத்தையும் பேணலுக்கு உரியதாக்கியது. இந்தியாவில் கோழிக்கோட்டில் 1993-இல் வலி மற்றும் தணிப்புப் பேணல் சங்கம் தொடங்கப்பெற்றது. பின்னர் அண்டை அயலாரே பயிற்சி பெற்றுத் தன்னார்வலர்களாக நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் முறை மலப்புறம் முதலிய மாவட்டங்களில் பரவியது. 2008-இல் கேரள அரசு இத்துறைக்கெனக் கொள்கை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதலாவது. தமிழகத்தில் 2021 ஆகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்திலும் வீட்டிற்கே சென்று செய்யும் நோய் ஆதரவுச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது.

கேரளத்து முறையின் சிறப்பு, மருத்துவர் வருமுன்னும் சென்றபின்னும் நோயாளியின் அருகில் இருப்பவர் யார் என்னும் வினாவை அது முன்வைத்தமையில் உள்ளது. தொல்காப்பிய நூற்பா வைத்த வினாவும் அதுவே. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வினா ஒன்றாக இருப்பதால் அதற்குரிய சொற்கள் நம் மரபிலேயே கிடைக்கின்றன என்பதே கருத்து.

இத்துறைக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. வலிநிவாரணம், தணிப்புச் சிகிச்சை, நோய் ஆதரவுச் சிகிச்சை என வழங்குவனவற்றுள் பலவும் சிகிச்சை என்னும் சொல்லில் முடிகின்றன. சிகிச்சைக்கு அப்பாற்பட்டதைக் குறிக்க அவை இடர்ப்படுகின்றன. ஓம்பல் என்னும் சொல் தீங்கை விலக்கலையும் உடலைப் பேணலையும் ஒருங்கே குறிக்கும். நோயாளியைச் சூழ்ந்து பேணும் உறவினர், நண்பர், அயலார், தன்னார்வலர் அனைவரையும் ஏமச்சுற்றம் என்னும் தொடர் தன்னுள் அடக்கும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இவ்விரண்டையும் கருதிப் பார்க்கலாம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தொல்காப்பியர் இறப்போரின் படுக்கையையும் எஞ்சியோரின் வாழ்வையும் ஒரே திணையில் வைத்தார். பிற்கால இலக்கணம் அவற்றைப் பிரித்தது. பேய்ப்பக்கம், தொடாக்காஞ்சி ஆகிய துறைகளைப் பிரிக்கும் அளவுகோல் பேணுவோர் உண்மையும் இன்மையுமே. புறநானூற்றின் 255, 280, 281, 291, 296 ஆகிய பாடல்கள் பேணுதலைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பணியாகவும், பகிர ஆளில்லாதபோது தாங்கவொண்ணாச் சுமையாகவும், பேணுவோரின் உடலையும் வருத்துவதாகவும் காட்டுகின்றன. 291-ஆம் பாடல் அச்சுமைக்குக் காரணமான வேந்தனைக் கூற்றுக்கு நிகராக நிறுத்துகிறது.

புறப்பாடல்களை வகுப்பறையில் கற்பிக்கும்போது, மார்பில் புண்பட்டவனின் பெருமையை விளக்குகிறோம். அவன் அருகில் விளக்கைத் தூண்டிக்கொண்டு, உறங்க விரும்பும் கண்களோடு அமர்ந்திருப்பவளையும் விளக்க வேண்டும். மாணாக்கருள் சிலர் அன்று காலை அத்தகைய ஒரு படுக்கையின் அருகிலிருந்து எழுந்து வந்தவராகவும் இருக்கக்கூடும். தம் வீட்டில் நிகழ்வதற்குத் தம் மொழியின் மிகப் பழைய இலக்கணத்தில் ஒரு துறையே உண்டு என்பது அவர்க்குத் தெரிய வேண்டும்.